கிளட்சை எரித்தது யார்

வண்டி ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. உப்பிலியபுரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, அதனால் கற்றுக்கொண்டேன். நான் அவருக்கு ஒரே பிள்ளை. அவருடைய இடது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை திருச்சிக்குக் கூட்டி வாருங்கள், ஒத்தடமும் பயிற்சியும் விடாமல் கொடுத்தால் ஊன்றுகோலோடு நடந்துவிடுவார், விட்டுவிட்டால் கால் அப்படியே இறுகிப்போகும் என்று புத்தூர்ப் பக்கத்து டாக்டர் ஒருவர் சொன்னார். அந்தப் பயிற்சி செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை என்றால் என் கணவருக்கு ஆபீஸ்.

பஸ்ஸில் இரண்டு தடவை கூட்டி வந்தேன். துறையூரில் ஒரு பஸ் மாறி, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் மாற வேண்டும். அப்பாவின் இடது காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். இரண்டாவது தடவை வீடு போய்ச் சேர்ந்ததும், "எனக்குத் தேவலாம் போல இருக்கும்மா, இனிமே வேண்டாம்" என்றார் அப்பா. தேவலையாகவும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறத்தியாருக்குப் பாரமாக இருப்பது என்றால் அவருக்கு உயிர் போய்விடும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட யோசிக்கிற மனுஷர்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. பெயர் எதற்கு, அடையாளம் சொன்னாலே அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்துவிடும். மெட்ராஸில் செய்தது, இரண்டே கதவு. பானட்டைத் திறக்க வேண்டுமானால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கி முன்பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். என் கணவர் அரசாங்க ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு கோடு கோணலாகப் போனால் இரவு தூங்க மாட்டார். அந்த வண்டியை வாங்கி ஆறு வருஷமாக அவர் ஒருவர்தான் ஓட்டினார், ஒரு கீறல் கிடையாது. வாங்கிய அன்றே என் மாமியார் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஒரு சட்டமும் போட்டார். வண்டி லட்சுமி, அதற்குள் செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து டிக்கியில் வைப்போம், இறங்கும்போது டிக்கியைத் திறந்து எடுத்துப் போட்டுக்கொள்வோம். கல்யாண வீட்டு வாசலில் இதை நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் என் கணவர்தான், அதை மறைக்கக் கூடாது. கொள்ளிடக்கரை ரோட்டில் விடிகாலையில் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே அப்பாவைக் கூட்டிவரப் போனேன். வெறுங்காலில் என்னால் அவ்வளவு தூரம் ஓட்ட முடியவில்லை. துறையூர் ரோட்டில் வெயிலில் வரும்போது தரைத் தகடு தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். அதனால் தெருமுனை தாண்டியதும் வண்டியை நிறுத்தி, டிக்கியிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டினேன். மாமியார் ஒருநாள் ரப்பர் விரிப்பில் செருப்பு மண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அந்த இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. அவருடைய பிள்ளை மட்டும் எப்படி வெறுங்காலில் ஓட்டுகிறார் என்று எனக்கு ஆச்சரியம். பாதம் தடித்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஏழெட்டு செவ்வாய்க்கிழமைகள் போயின. அப்பா படுக்கையில் இருந்தபடி இடது காலை நாலு விரற்கடை உயரம் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு நான் அழுதேன், அவர் சிரித்தார். அதற்கு அடுத்த முறை, திருச்சிக் கோட்டை ஸ்டேஷன் பாலத்தில் வண்டி நின்றுபோனது.

ஏற்றத்தில் முன்னால் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் மெல்ல ஏறினேன். ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் எஞ்சின் உறுமுகிறதே தவிர வண்டி நகரவில்லை. ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம் வந்தது. பின்னால் லாரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நாலு பேர் வந்து தள்ளினார்கள். அதில் ஒருவர், "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்று தள்ளிக்கொண்டே சொன்னார். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, தானும் இறங்கித் தள்ள வேண்டியவர் போல, கதவுப் பிடியை வலது கையால் பிடித்தபடியே இருந்தார். அன்று பயிற்சிக்குப் போகவில்லை. டாக்ஸி பிடித்து ஊருக்கு அனுப்பினேன். ஏறும்போது, "இனிமே என்னைக் கூப்பிட வராதே, என்னால உனக்குக் கெட்ட பேரு" என்றார்.

சமதரையில் வண்டி எப்படியோ ஊர்ந்து ஸ்ரீரங்கம் வந்தது. சாயங்காலம் என் கணவர் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே, "யார் ஓட்டுறாங்க? அம்மாவா? அப்பச் சரி. பெடலை முழுசா விடாம ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டியிருப்பாங்க, கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கும்" என்றார். என் கணவர் எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். ஆறு வருஷம் நான் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை, இவள் நாலு மாதம் ஓட்டினாள் என்று அந்தத் தலையாட்டலில் எல்லாம் இருந்தது. மெக்கானிக் போனதும் வாய்விட்டே சொன்னார்.

"நீ இனிமே ஸ்டியரிங்ல உக்கார வேண்டாம். உங்கப்பாவுக்கு நாம ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்."

"என்ன ஏற்பாடு?"

"ஏதாவது."

அந்த 'ஏதாவது' எனக்குத் தெரியும். அது அப்பாவின் கால் இறுகிப்போன பிறகுதான் வரும். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். "பிரிச்சுப் பாருங்க" என்றேன். "ஷெட்டுல விட்டா அந்த ஆளு என்ன சொல்லணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு. இங்கயே, என் கண்ணு முன்னாடி பிரிங்க. பிளேட் எரிஞ்சிருந்தா நான் சாவியைத் தொடலை. எரியலைன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூப்பிட நான்தான் போவேன்."

மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார், முறத்தைப் பார்த்து.

இரண்டாவது சனிக்கிழமை லீவு. வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் வேப்பமரத்தடியில் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம். பழைய வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என் கணவர் விரித்து வைத்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்தார். அந்த வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. மற்ற வண்டிகளில் கியர் பாக்ஸைக் கீழே படுத்து அடிவழியாக இறக்க வேண்டும். இதில் உள்ளே இருந்தே கழற்றிக் கதவு வழியாகத் தூக்கி எடுத்துவிடலாம். அதனால்தான் வீட்டில் செய்யலாம் என்று அவருக்கும் தைரியம் வந்தது.

பேட்டரி வயரைக் கழற்றினோம். முன் சீட் இரண்டையும் கழற்றிக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். மாமியார் அதில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை, காய் நறுக்கியதும் அதில்தான். விரிப்பை எடுத்து, நடுவில் மேடாக இருக்கிற அட்டை மூடியைச் சுற்றிலும் உள்ள திருகுகளைக் கழற்றினால், கீழே கியர் பாக்ஸ் எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டில் நாலு போல்ட். ஸ்பீடாமீட்டர் கேபிள். ஸ்டார்ட்டர் மோட்டார். கிளட்ச் பெடலை அமுக்கினால் எண்ணெய் வந்து தள்ளுகிற சின்ன சிலிண்டர் ஒன்று பக்கவாட்டில் இருந்தது. அதைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, "இனிமே யாரும் பெடலை அமுக்கக் கூடாது, அமுக்கினா இதுல இருக்கிற பிஸ்டன் வெளியே வந்துடும்" என்றார். யாரும் என்றால் நான்தான். அங்கே வேறு யார் இருந்தார்கள்?

கழற்றிய ஒவ்வொன்றையும் அவர் ஒரு தாளில் படமாகப் போட்டு, நம்பர் எழுதி, போல்ட்டைத் தாளில் குத்தி வைத்தார். பத்து நிமிஷ வேலைக்கு அரை மணி. ஆனால் அந்தப் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகளில் மேலே உள்ள இரண்டுக்கு அவர் கை போகவில்லை. என் வளையலைக் கழற்றிவிட்டு நான் கையை விட்டேன். முழங்கை வரை கருப்பு. ஒன்று சுலபமாக வந்தது. இன்னொன்றுக்கு ஸ்பேனரின் வாலில் குழாயை மாட்டி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். அது விட்டபோது பின்னால் போய் விழுந்தேன். என் கணவர் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

எஞ்சின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொடுத்தோம். பிறகு கியர் பாக்ஸை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஆட்டி ஆட்டிப் பின்பக்கம் இழுத்தோம். நேராக வரவேண்டும், சாய்த்தால் உள்ளே இருக்கிற தண்டு வளைந்துவிடும் என்று அவர் இருபது தடவை சொன்னார். வந்தது. கதவு வழியாகத் தூக்கிக் கோணிமேல் வைத்தோம். என் இடுப்பு ஒரு வாரம் அதை ஞாபகம் வைத்திருந்தது.

இனி கிளட்ச் மூடியின் ஆறு போல்ட்தான். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். மூடி கையோடு வந்தது, உள்ளேயிருந்து கிளட்ச் பிளேட் நழுவி அவர் மடியில் விழுந்தது.

தேய்ந்திருந்தது. ஆணித்தலைகள் தெரிந்தன. பளபளவென்று கருகி, விரல் வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. வாசனை அதே பாலத்து வாசனை.

"பாத்தியா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெற்றிக் களிப்பெல்லாம் அவருக்கு வராது. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கை கழுவிக்கொண்டு காபி குடிக்க உள்ளே போய்விட்டார்.

நான் கோணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பந்தயம் போனது பெரிதில்லை. அப்பா தூக்கிக் காட்டிய அந்த நாலு விரற்கடைதான் கண்ணில் நின்றது. அது திரும்பக் கீழே இறங்கிவிடும், அதற்குக் காரணம் நான்தான். சும்மா உட்காரப் பிடிக்காமல் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக் கியர் பாக்ஸைத் துடைத்தேன். அதன் முன்பக்கம், பெடலை அமுக்கும்போது போய்க் கிளட்சைத் தள்ளுகிற பேரிங் ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்கும்போது சுழன்றது. சுழலும்போது அம்மி பொளிகிற மாதிரி கரகரவென்றது. கிளட்ச் மூடியைத் தொடுகிற முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து, நீலம் பாரித்திருந்தது.

நான் பி.யூ.சி. வரை படித்தவள். கல்லை எடுத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த பேரிங் பெடலை அமுக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும், மற்ற நேரத்தில் சும்மா இருக்கும் என்று போட்டிருந்தது. அது சீக்கிரம் தேய்ந்தால், கிளட்ச் வழுக்கினால், ஓட்டுகிறவர் பெடல்மேல் காலை வைத்து இளைப்பாறுகிற பழக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நாலு மாதத்தில், மாதத்துக்கு இரண்டு நாள் ஓட்டியவளால் ஒரு இரும்பு பேரிங்கை இந்தக் கதிக்குக் கொண்டுவர முடியாது. முடிந்தால் நான் ரைஸ்மில் வைத்திருக்கலாம்.

அவர் காபி டம்ளரோடு வந்தார். புத்தகத்தைக் காட்டவில்லை.

"ஏங்க, ஓட்டும்போது இடது காலை எங்க வெப்பீங்க?"

"எங்க வெப்பாங்க? கீழதான்."

"சும்மா உக்காந்து காட்டுங்க."

சீட் இல்லாத இடத்தில் சாப்பாட்டு மணையைப் போட்டேன். அவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தார். வலது கால் ஆக்ஸிலேட்டருக்குப் போனது. இடது கால் தானாகப் போய்க் கிளட்ச் பெடல்மேல் உட்கார்ந்தது.

"அமுக்கிடாதீங்க, பிஸ்டன் வந்துடும்" என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போல, "கீழ வெச்சா சுடுது" என்றார்.

ஆறு வருஷம். சுட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மா மனசு நோகுமாம். பெடலில் ரப்பர் இருக்கிறது, அதில் வைத்தால் சுடாது. பேரிங் ஆறு வருஷம் ஓயாமல் சுழன்றது, கிளட்ச் ஆறு வருஷம் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஏறியபோது அது சாகிற நிலையில் இருந்தது, நான் வாய்க்கரிசி போட்டேன், அவ்வளவுதான். அதையும் அவர்தான் சொன்னார். பேரிங்கைக் கையில் எடுத்து, சுழற்றிப் பார்த்து, புத்தகத்தைப் படித்துவிட்டு, "பிளேட்டை எரிச்சது நான்தான். மெக்கானிக் முன்னாடி நான் அப்படித் தலையாட்டியிருக்கக் கூடாது" என்றார். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நாலு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவர் அப்படி நேராகச் சொல்லிவிட்டதால் எல்லாம் வீணாகப் போயிற்று.

மாமியார் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படின்னா வண்டிக்குள்ள செருப்பு போடணும்னு சொல்றீங்களா?" என்றார். சாயங்காலம் பார்த்தால், சர்க்கரைச் சாக்கு ஒன்றைத் துவைத்து, நாலாக மடித்து, கோணி ஊசியால் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கார் சீட்டில் உட்கார்ந்துதான் தைத்தார். "இதைக் காலடியில போட்டுக்குங்க. லட்சுமிக்கும் ஒண்ணும் ஆகாது, உங்க காலுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அந்தச் சாக்கின்மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. என் செருப்பு விவகாரம் அதோடு முடிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புது பிளேட் வாங்கி வைத்திருந்தோம், பேரிங் வாங்கவில்லை. கடை திறக்காத நாள். என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போய், கடைக்காரரை அவர் வீட்டிலேயே எழுப்பி வாங்கி வந்தார். யாரையும் தொந்தரவு செய்யாத மனுஷர் அவர். அன்று செய்தார்.

புது பிளேட்டை மாட்டும்போது அதன் நடுத்துளை இம்மி பிசகாமல் நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் பாக்ஸின் தண்டு உள்ளே போகாது. அதற்கென்று கம்பி ஒன்று உண்டாம், எங்களிடம் இல்லை. நான் சமையலறையிலிருந்து மோர் மத்தைக் கொண்டுவந்தேன். அதன் காம்பு எஞ்சின் பக்கத்துத் துளையில் சரியாக உட்கார்ந்தது. பிளேட் துளைக்குக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது, அங்கே மட்டும் கருப்பு டேப் சுற்றினோம். என் கணவர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். மத்தை மாமியார் அப்புறம் தொடவில்லை, புதிது வாங்க வேண்டியதாயிற்று.

கியர் பாக்ஸ் திரும்பப் போவதற்கு மத்தியானம் முழுக்க ஆனது. முக்கால்வாசி போகும், ஒரு விரல் அகலம் பாக்கி நிற்கும். கடைசியில் கியரில் போட்டு, பின்பக்கத் தண்டை நான் கையால் மெல்லத் திருப்ப, அவர் தள்ள, 'லொடக்' என்று உட்கார்ந்தது. கழற்றிய போல்ட் எல்லாம் தாளில் காட்டியிருந்த இடத்துக்கே போயின. ஒன்றுகூட மிச்சமில்லை. சாவியை என்னிடம் நீட்டி, "நீயே ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதிகாலையில் உப்பிலியபுரம் போனேன். அப்பா சவரம்கூடச் செய்துகொள்ளாமல், வீட்டு வேட்டியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வேண்டாம்னு சொன்னேனேம்மா" என்றார். நடந்ததைச் சொன்னேன். பிரித்தது, பேரிங், மாப்பிள்ளை மணைமேல் உட்கார்ந்து காலை வைத்தது எல்லாம். "உங்க மாப்பிள்ளையேதான் என்னைப் போகச் சொன்னாரு" என்றேன். அப்பா எழுந்திருப்பதற்காக வலது கையை என் தோளுக்கு நீட்டினார்.

கோட்டை ஸ்டேஷன் பாலத்தில் அன்றைக்கும் ஏற்றத்தின் பாதியில் நிற்க வேண்டி வந்தது. கைப்பிரேக்கைப் போட்டேன். அப்பா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். பெடலை மெல்ல விட்டேன், வண்டி பிடித்து, ஒரு இழுப்பில் ஏறியது. அவர் பிடியை விட்டார். பயிற்சி முடிந்து திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பச்சைமலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் கட்டிலில் உட்கார வைத்து, காலைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, போயிட்டு வரேன்ப்பா என்று கிளம்பினேன். வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அடுத்த தடவை என்னிக்கும்மா?"

"பதினஞ்சு நாள் கழிச்சு, செவ்வாய்க்கிழமை."

"காலையிலேயே சவரம் பண்ணி, கிளம்பி உக்காந்திருக்கேன்" என்றார்.